கணினித் துவக்கு விரைவாக்கி

மாகாண அத்தாட்சிப் பிரதிகள் திணைக்களத்தின் கணினி தினமும் காலை எட்டரைக்குத் தொடக்கி வைக்கப்படும். மற்ற இடங்களில் யாராவது போய் அதைப் போடுவார்கள், அவ்வளவுதான். கண்டி ஏரிக்கரையிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் இருந்த அந்தத் திணைக்களத்தில் அது ஒரு வைபவம். சுபநேரம் பார்ப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். பணிப்பாளர் எக்கநாயக்க சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்துவார். ஊழியர்கள் எழுந்து நிற்பார்கள். கணினி மட்டும் எழும்பாது.

எழும்பாது என்று ஒரேயடியாகச் சொல்வதும் நியாயமில்லை. அது எழும்பிக்கொண்டே இருக்கும். முதலில் திரையில் கொடி ஏறும். பிறகு மும்மொழியிலும் வரவேற்பு. அடுத்துப் பணிப்பாளர் கை உயர்த்தி நிற்கும் படம். கணினியைக் கையளித்த அன்று அமைச்சர் ஒருவர் ஆற்றிய உரை, இடையில் இருமியது உட்பட, முழுதாக ஓடும். அதன்பின் அந்த மாதச் சுபநேரப் பஞ்சாங்கம். கடைசியாக வைரஸ் காவல்கள் வரும். முதலாவது குழு ஒரு காவலைப் போட்டது; அதை நம்பாத இரண்டாவது குழு இன்னொன்றைப் போட்டது; இரண்டையும் கண்காணிக்க மூன்றாவது குழு வேறொன்றைப் போட்டது. மூன்றும் ஒன்றையொன்று பிடித்து விசாரித்து விடுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு கணினி சூடேறியிருக்கும் என்பதால் அதற்கு ஓய்வு கொடுப்பார்கள்.

கையால் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்கக்கூடாது. கணினி வந்த பிறகு கையெழுத்துப் பிரதிகள் செல்லாது என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அந்தச் சுற்றறிக்கை கையால் எழுதப்பட்டிருந்தது.

அது இரண்டாயிரத்து ஏழு. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்தது. கண்டியில் சோதனைச் சாவடி நடந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாத தமிழருக்கு வீதியில் இடமில்லை. ஆகவே திணைக்களத்தின் வாசலில் எப்போதும் கூட்டம் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்த சுப்பம்மா நின்றாள். அவளுடைய மகள் இரஞ்சிதம் கண்டி நகரத்துப் புடவைக் கடையொன்றில் வேலை செய்தவள். கடை மூடி வெளியே வந்தபோது நடந்த சுற்றிவளைப்பில், கையில் அட்டை இல்லையென்று அவளைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினால் விடுவோம் என்று சொன்னார்கள். சுப்பம்மா அன்று தொட்டுத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் வெறுங்கையோடு போனாள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் அம்பிகைபாகன் இருந்தார். இரண்டாந்தர மொழிபெயர்ப்பாளர், ஊர் சுன்னாகம், இப்போது குண்டசாலையில் வாடகை வீடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒருவரின் களஞ்சிய அறையில், கோதுமை மா மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து உயிர் தப்பியவர். மூட்டைக்கு முன்னால் வந்தால் ஆபத்து என்பதை அன்று படித்துக்கொண்டார். அதன்பின் எந்த விஷயத்திலும் அவர் முன்னால் வந்து நின்றதில்லை.

"ஐயா, மிஷினு எந்திரிச்சிருச்சுங்களா?" என்று சுப்பம்மா கேட்டாள்.

"இன்னும் இல்லை அம்மா."

"நேத்தும் அப்படித்தானே சொன்னீங்க. அதுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஒரு வருத்தமும் இல்லை. அது அப்பிடித்தான்."

"எம்புள்ள அங்க தரையில கெடக்குதுங்கய்யா. பொம்பளப்புள்ள."

அம்பிகைபாகன் குனிந்து தன் பேனையைப் பார்த்தார். பேச்சை மாற்றுவதற்காக, "உங்களிட்டை ஐடென்டிட்டி காட் இருக்கோ?" என்று கேட்டார்.

"எங்களுக்கு எதுக்குங்கய்யா அதெல்லாம்? மலைக்கும் லயத்து வீட்டுக்கும் போய் வர யாரு கேக்கப்போறா?"

அவளிடம் தோட்டத்துச் சம்பளத் துண்டு ஒன்றுதான் இருந்தது. வாசல் காவலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளைத் தினமும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். நல்ல மனுசன்.

அன்று மாலை அம்பிகைபாகன் குண்டசாலையில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் திகன வரை போனார். அங்கே கணினி திருத்தும் கடை வைத்திருந்த அஸீமிடம், எழும்பாத கணினியை எழுப்ப ஏதும் வழியுண்டா என்று கேட்டார். அஸீம் சீடி என்கிற இறுவட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். அதில் ஒரு மென்பொருள் இருந்தது.

"தம்பி, இதை நம்பலாமோ?"

"நல்ல கேள்வி சேர். வேகமாக்குறன் எண்டு செல்லிக்கிட்டு வாற சாமான்ல பாதி வேகமாக்குறல்ல. அதுவும் வந்து உள்ளுக்குக் குந்திக்கிட்டு, காசு கட்டு, இன்னம் வேகமாக்குறன் எண்டு செல்லும். அதுகள நம்ப வாணாம். இது அப்படியில்ல. மெஷின் எழும்பக்குள்ள கூடவே ஆரெல்லாம் எழும்புறாங்க எண்டு காட்டும். ஒவ்வொண்டா காட்டி, 'இது தேவையா' எண்டு கேக்கும். வாணாம் எண்டா அத எழுப்பாம உட்டுரும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். போடுறத்துக்கு முந்தி, இருக்கிறதுகள ஒரு கொப்பி எடுத்து வைங்க. எதப் போட்டாலும் அப்படித்தான் செய்யணும்." அஸீம் கொஞ்சம் யோசித்தான். "ஆனா சேர், ஒங்கட ஒஃபிஸ்ல போய் 'இது தேவையா' எண்டு கேக்க உடுவாங்களா?"

அம்பிகைபாகன் அந்தக் கேள்வியைப் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தார். விடை தெரிந்ததால் அதிகம் யோசிக்கவில்லை. இரஞ்சிதம் தரையில் கிடப்பதைத்தான் யோசித்தார். மறுநாள் விண்ணப்பம் எழுதினார்.

எழுதியதில் ஒரு சங்கடம் வந்தது. அந்த வாரம் அரசகரும மொழிகள் வாரம். தமிழ் உத்தியோகத்தர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். எழுதியே ஆக வேண்டும் என்று பிரதிப் பணிப்பாளர் நவரட்ணராஜா அதை விளங்கிக்கொண்டார். திணைக்களத்தில் தமிழில் ஒரு கடிதமும் போகாவிட்டால் தமிழரான தன்னைத்தான் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம்.

"நல்ல தமிழில எழுதும்," என்றார். "இங்கிலீஷ் கலவாமல். வாசிக்கிறவைக்கு ஒரு மரியாதை வரவேணும்."

அம்பிகைபாகன் நல்ல தமிழில் எழுதினார். 'கணினித் துவக்கு விரைவாக்கி ஒன்றினைத் திணைக்களத்தினுள் கொண்டுவர அனுமதி கோரல்' என்று தலைப்பிட்டார். சந்திப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இருக்கவில்லை.

மென்பொருள் நம்பகத்தன்மை ஆராய்வுக் குழு உடனே கூடியது. குழுக்கள் மட்டும் அங்கே உடனே கூடும். பணிப்பாளர் சிங்களத்தில் உரையாற்றினார். சாரம் குறையாமல் தமிழில் தருகிறேன்.

"நம்பிக்கை என்பது மெதுவாக வருவது. ஆகவே வேகமாக வருவதை நம்பக்கூடாது. நமது கணினி தாமதமாக எழும்புகிறது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தனியாக எழும்புவதில்லை. கொடி எழும்புகிறது. மூன்று மொழிகள் எழும்புகின்றன. நான் எழும்புகிறேன். இந்த மென்பொருள் என்ன செய்யும்? என்னைக் காட்டி 'இது தேவையா' என்று கேட்கும். இன்றைக்கு என் படத்தைக் கேட்கிற ஒன்று நாளைக்கு எங்கே போய் நிற்கும்? உபகுழுக்களைக் காட்டிக் கேட்கும். நமது பிரதிப் பணிப்பாளரைக் காட்டிக் கேட்கும். இப்படியொரு கேள்வி ஒரு திணைக்களத்துக்குள் நுழைந்தால் திணைக்களம் மிஞ்சுமா?"

பிரதிப் பணிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, அந்தக் கணினி இன்னும் தரம் உயர்வதற்கான வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை எழுதவில்லை என்பதைச் சபைக்கு நினைவூட்டினார். பரீட்சை எழுதாததால் அது மூன்றாந்தரத்தில் நிற்கிறது. மூன்றாந்தரத்தில் நிற்கும் ஒன்று முதலாந்தர வேகத்தில் போனால் மற்ற ஊழியர்களின் மனம் என்ன பாடுபடும் என்று கேட்டார். குழு இந்த வாதத்தைக் குறித்துக்கொண்டது.

இருந்தாலும் நீதி என்று ஒன்று உண்டல்லவா? மென்பொருளை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதென்று தீர்மானித்தார்கள். ஒரு கதிரையில் இறுவட்டை வைத்தார்கள். முன்னனுபவம், இரண்டாம் மொழித் தேர்ச்சி, இடமாற்றத்தை ஏற்கும் விருப்பம் ஆகியவை பற்றிக் கேட்டார்கள். அம்பிகைபாகன் பதில் சொல்ல வாயெடுத்தபோது, விண்ணப்பதாரிக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று அவரை இருத்திவிட்டார்கள். 'விடையளிக்கவில்லை, ஆயினும் ஒழுங்கீனமாக நடக்கவில்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. முடிவை யுத்த காலத்துக்குரிய முறைப்படி பாதுகாப்புத் தரப்பிடம் விடுவதென்று, கடிதத்தையும் அப்படியே அனுப்பினார்கள்.

கடிதம் தமிழிலேயே போனது. திணைக்களத்தின் ஒரே மொழிபெயர்ப்பாளர் அம்பிகைபாகன். தன் கடிதத்தைத் தானே மொழிபெயர்த்தால் பக்கச்சார்பு வந்துவிடும்.

இரண்டொரு நாள் கழித்து, விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஜீப் வந்தது. அம்பிகைபாகனையும் கதிரையில் இருந்த இறுவட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுப்பம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். உட்காரச் சொன்னார். அம்பிகைபாகன் நல்ல சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். தாய்மொழியில் வாக்குமூலம் கொடுப்பது அவருடைய உரிமையென்றும், அந்த வாரத்தில் அதை மீற முடியாதென்றும் சொன்னார். மட்டக்களப்பில் கொஞ்சக் காலம் வேலை செய்து தமிழ் பழகிய கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டார். கடிதத்தை வாசித்தவரும் அவர்தான்.

துவக்கு என்றால் தொடங்கு என்று அகராதியில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம் தொடக்கம் நாவலப்பிட்டி வரை இந்த நாட்டில் துவக்கு என்றால் துப்பாக்கி. சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். இரண்டு இனமும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட சொற்களில் அது ஒன்று. நல்ல தமிழில் எழுதிய அவசரத்தில் அம்பிகைபாகனுக்கு இது ஞாபகம் வரவில்லை.

"துவக்கு எங்க?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"துவக்கு இல்லை ஐயா. அது துவக்கு."

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். 'முதலில் மறுத்தார், பின்னர் ஒப்புக்கொண்டார்' என்று.

"எந்தத் துவக்கு?"

"தொடங்கிறது ஐயா. தொடங்கிறதைத்தான் அப்பிடி எழுதினனான்."

"எத்தின மணிக்கித் தொடங்குற?"

"காலமை எட்டரைக்கு."

"எங்க?"

"எங்கட கந்தோரில, திணைக்களத்திலதான்."

"ஆரு தொடங்குற?"

"பணிப்பாளர்தான். ஒவ்வொரு நாளும் அவர்தான் தொடக்கி வைக்கிறவர்."

கான்ஸ்டபிள் பேனையை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொலைபேசியை எடுத்தார்.

பணிப்பாளர் அந்தத் தொலைபேசியில் பேசியதுதான் அவருடைய சேவைக் காலத்தின் ஆகச் சிறந்த உரை. "ஐயா, என் திணைக்களத்தில் இன்றுவரை எதுவுமே வேகமாகத் தொடங்கியது கிடையாது," என்றார். "எத்தனையோ பொதுமக்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். கட்டுக்கட்டாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்களால் ஒரு தாக்குதலைத் தொடங்க முடியும் என்று நினைக்கிறீர்களா? எங்களால் ஒரு பிறப்புச் சான்றிதழையே கொடுக்க முடியாது." இன்ஸ்பெக்டருக்கு அவர் குற்றமற்றவர் என்பது தெளிவாகிவிட்டது.

பிறகு பிரதிப் பணிப்பாளரிடம், தமிழர் என்ற முறையில், அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார்கள். "எங்கட ஊரில துவக்கெண்டால் துவக்குத்தான் சேர்," என்றார். "அகராதியில வேற மாதிரி இருக்கக்கூடும். நான் வீட்டில அகராதி வைச்சிருக்கிறேல்லை."

ஆக, இறுவட்டைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, மணல் மூட்டை அடுக்கி, நிலையத்தின் கணினியிலேயே போட்டார்கள். அம்பிகைபாகன் வெகுகாலத்துக்குப் பிறகு மறுபடியும் மூட்டைக்குப் பின்னால் இருந்தார். பழகிய இடமாக இருந்தது.

துவக்கு எதுவும் வெளியே வரவில்லை. திரையில் ஒரு கேள்விதான் வந்தது. பொலிஸ் கணினியும் தினமும் பலதைக் கூட்டிக்கொண்டு எழும்பும் வகைதான். 'கைதானவரின் உரிமைகள் பற்றிய அறிவித்தல்' என்று காட்டி, இது தேவையா என்று மென்பொருள் கேட்டது. இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, தேவையில்லை என்று அழுத்தினார். 'உறவினருக்கு அறிவிக்கும்படி நினைவூட்டல்' என்று காட்டியது. தேவையில்லை. 'தடுத்து வைக்கும் கால எல்லை பற்றிய எச்சரிக்கை'. அதுவும் தேவையில்லை. பிறகு கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எழும்பி நின்றது.

"நம்பலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்பிகைபாகனை விட்டுவிட்டார்கள். இறுவட்டை விடவில்லை. அது வழக்குப் பொருள். வழக்கு இல்லையே என்று அவர் கேட்க நினைத்து, கேட்காமல் வெளியே வந்தார்.

திணைக்களத்தில் ஆராய்வுக் குழு மறுபடி கூடி, பொலிஸ் காவலில் இருந்த ஒன்றை நம்புவதற்கில்லை என்று ஏகமனதாக முடிவெடுத்தது. ஆனால் பொலிஸ் கணினியின் வேகம் ஊரெங்கும் பேச்சாகிவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. பிறப்புப் பதிவுகளையெல்லாம் பிரதியெடுத்து அந்தக் கணினியில் ஏற்றிவிட்டால் சான்றிதழ்களை அங்கேயே உடனுக்குடன் கொடுத்துவிடலாம். பணிப்பாளர் அதை வரவேற்று உரையாற்றினார். அடையாளம் இல்லாதவர்கள் இதுவரை இரண்டு இடத்துக்கு அலைந்தார்கள், இனிப் பிடிபடுவதும் பிரதி பெறுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்றார். அம்பிகைபாகனைப் பொலிஸ் நிலையக் கவுண்டருக்கு இணைத்தார்கள். திணைக்களத்தில் பொதுமக்கள் தொல்லை நின்றதால், அதன் பிறகு குத்துவிளக்கு இரண்டு வேளையும் ஏற்றப்பட்டது.

புதிய கவுண்டர் திறந்த அன்று மனிதர் யாரும் வரவில்லை. சான்றிதழ் இல்லாதவர்கள் வீதியில் பொலிஸைக் கண்டாலே ஒழுங்கைக்குள் திரும்புகிறவர்கள். அவர்கள் பொலிஸ் நிலையப் படியேறிச் சான்றிதழ் கேட்க வருவார்களா? சுப்பம்மா மட்டும் வந்தாள். அவளுக்குப் பயம் இருக்கவில்லை. மகள் உள்ளே இருந்தாள்.

"மிஷினு எந்திரிச்சிருச்சுங்களா ஐயா?"

"ஓம் அம்மா, எழும்பியிட்டுது," என்றார் அம்பிகைபாகன். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரஞ்சிதத்தின் பெயரை அடித்தார். சுப்பம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கடதாசியை வாங்குவதற்குள் அது அச்சாகி வந்துவிட்டது. கான்ஸ்டபிள் அதைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், உள்ளே போனார்.

இரஞ்சிதம் வெளியே வந்தாள். போட்டிருந்த சட்டை கசங்கி, தலை கலைந்து, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. சுப்பம்மா அவளுடைய தலைமயிரை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டாள். அம்பிகைபாகன் வேறு பக்கம் பார்த்தார்.

"வாம்மா போவோம்," என்றாள் சுப்பம்மா.

வாசலில் நின்ற சார்ஜன்ட் கையை நீட்டினார். திணைக்களத்துக்குத்தான் நல்ல காவலாளி இருந்தான். பொலிஸ் நிலையத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பது வழமை. இரஞ்சிதம் புதுச் சான்றிதழைக் காட்டினாள். சுப்பம்மா சம்பளத் துண்டைக் காட்டினாள். சார்ஜன்ட் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. சரியாகப் பிடித்து வாசித்துவிட்டு, சுப்பம்மாவை உள்ளே வரச் சொன்னார்.

அம்பிகைபாகன் எழுந்து போனார். முன்னால் வந்து நின்றார் என்றே சொல்ல வேண்டும். "இது இந்தப் பிள்ளையின்ரை தாய்," என்று தமிழில் சொன்னார், சிங்களத்திலும் சொன்னார். சார்ஜன்ட் மறுக்கவில்லை. தாய் என்பது விளங்குகிறது, யார் என்பதுதான் தெரியவேண்டும், பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் விடலாம் என்றார்.

"பரவால்லீங்கய்யா," என்றாள் சுப்பம்மா. "இப்பதான் மிஷினு வெரசா எந்திரிக்குதே." மகளுடைய கையை விட்டுவிட்டுக் கான்ஸ்டபிளோடு உள்ளே போனாள்.

இரஞ்சிதம் கவுண்டருக்கு வந்தாள். தாயின் பெயரைச் சொன்னாள். தோட்டத்தின் பெயரையும், பாட்டன் பெயரையும் சொன்னாள். பிறந்த வருசம் தெரியாது, பெரிய மழையில் மலை சரிந்த வருசம் என்றாள். அம்பிகைபாகன் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, தன்னால் முடிந்தவரை மெதுவாக அடித்தார். கடைசியில் பொத்தானை அழுத்தத்தான் வேண்டியிருந்தது.

பதில் அவர் விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. பதிவு இல்லை என்று மூன்று மொழியிலும் இருந்தது.

"அதுக்குள்ளயா தேடிருச்சு?" என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போகும் கதவைப் பார்த்தாள்.

"சார்," என்றாள், "அத கொஞ்சம் மெதுவா தேடச் சொல்லுங்க சார்."